செங்கம் பக்கத்து மலையில் ஆசியாவின் பெரிய தொலைநோக்கி வந்தது எப்படி? யார் இந்த வைணு பாப்பு?

பிளஸ் டூ-வில் கணக்கும் ஃபிசிக்ஸும் ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு மாணவர் சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான். இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? இன்ஜினீயரிங் என்றால் பதில் இருக்கிறது. ஐடி என்றால் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்றால், கேட்பவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய பதில், திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்திலிருந்து வடக்கே, நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. தொலைவில் நிற்கிறது. ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருக்கும் காவலூர் வானாய்வகம்தான் அது. ஒருகாலத்தில் ஆசியாவின் மிகப்பெரிய தொலைநோக்கி இருந்த இடம். அதை அங்கே கொண்டுவந்தவர் ஒரு வானியலாளர். கட்டி முடித்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. வானாய்வகத்துக்கே இன்று அவர் பெயர்தான்: வைணு பாப்பு.

யார் இவர்? இவர் கண்டுபிடித்தது என்ன? இவ்வளவு இடம் இருக்க, ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? பார்க்கலாம்.

அப்பா வேலை பார்த்த இடம்

மணலி கல்லட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளா. வளர்ந்தது ஹைதராபாத்தில். அப்பா அங்கிருந்த நிஜாமியா வானாய்வகத்தில் வானியலாளர். வீட்டுக்கு ஒரே பிள்ளை வைணு.

நிஜாமியா சாதாரண இடம் இல்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகின் பல வானாய்வகங்கள் வானத்தைப் பங்குபோட்டுக்கொண்டு புகைப்படம் எடுத்து, நட்சத்திர அட்டவணை தயாரித்தன. அந்த சர்வதேசத் திட்டத்தில் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் இடத்தை அங்கிருந்தவர்கள் ஒவ்வொன்றாக அளந்து குறித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாமே கையால் போட்ட கணக்கு.

இப்படி ஒரு இடத்தில் வளர்ந்த பையனுக்குத் தொலைநோக்கி அதிசயப் பொருளாக இருக்கவில்லை, அப்பாவின் ஆபீஸ் சாமானாக இருந்தது. கல்லூரி மாணவராக இருக்கும்போதே, பிரகாசம் கூடிக் குறையும் மாறும் நட்சத்திரங்களைக் கவனித்து ஆய்வுக் குறிப்புகளை வெளியிட ஆரம்பித்துவிட்டார். படித்தது ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில். கவிதை, ஓவியம், தோட்டக்கலை என்று மற்ற ஆர்வங்களும் நிறைய இருந்தன.

ஹைதராபாத் டு ஹார்வர்டு

இயற்பியலில் முதுகலை முடித்த காலத்தில், இந்தியாவில் நவீன வான் இயற்பியல் படிக்க வாய்ப்பு மிகக் குறைவு. வானாய்வகங்களே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அதில் வேலை இன்னும் அரிது.

அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அப்போது இயக்குநராக இருந்தவர் ஹார்லோ ஷேப்லி. நமது பால்வீதியின் அளவையும், அதில் சூரியன் நடுவில் இல்லை, ஓரமாகத்தான் இருக்கிறது என்பதையும் காட்டியவர். அவருடன் ஏற்பட்ட அறிமுகமும், ஹைதராபாத் அரசின் உதவித்தொகையும் சேர்ந்து 1949-ல் பாப்புவை ஹார்வர்டில் கொண்டுபோய் விட்டன.

போன சில மாதங்களிலேயே ஒரு சம்பவம். 1949 ஜூலையில் வழக்கம்போல எடுத்த ஒரு வான் புகைப்படத் தகட்டில், இருக்கக் கூடாத ஒரு மங்கலான கீற்று தெரிந்தது. அது புதிய வால் நட்சத்திரம். பாப்பு, அவருடைய ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் மூவரும் சேர்ந்து அதை உறுதிசெய்தார்கள். பாப்பு-போக்-நியூகிர்க் என்று மூன்று பேர் பெயரும் அதற்கு வந்தது. பசிபிக் வானியல் சங்கத்தின் டோனோஹோ பதக்கமும் கிடைத்தது. அப்போது பாப்புவுக்கு வயது 22 கூட ஆகவில்லை.

1952-ல் முனைவர் பட்டம். அடுத்து கார்னகி ஃபெல்லோஷிப். இதன் மூலம் கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களில் வேலை செய்யும் வாய்ப்பு. அன்றைக்கு உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியான 200 அங்குலக் கருவி இருந்த இடம் பாலோமர். அங்கேதான் பாப்புவின் பெயரைப் பாடப் புத்தகத்தில் ஏற்றிய வேலை நடந்தது.

வில்சன்-பாப்பு விளைவு: சிம்பிளாகப் புரிந்துகொள்வது எப்படி?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை உச்சியில் எரியும் மகா தீபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப தூரத்திலிருந்து பார்த்தால் அது சின்னப் புள்ளி. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் அகல் விளக்கு அதைவிடப் பிரகாசமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தை மட்டும் வைத்து எது பெரிய விளக்கு, எது தூரத்து விளக்கு என்று சொல்ல முடியாது.

நட்சத்திரங்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரு நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு ஒளி விடுகிறது என்று தெரிந்துவிட்டால், மீதி பத்தாம் வகுப்புக் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் பிரகாசம் நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. உண்மையான ஒளியையும் இங்கே தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். அந்த உண்மையான ஒளியைத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

இதற்கு ஆலின் வில்சனும் வைணு பாப்புவும் ஒரு வழி காட்டினார்கள். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், இடையிடையே கருப்புக் கோடுகள் தெரியும். அந்த நட்சத்திரத்தின் வளிமண்டலத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்பதற்கான அடையாளம் அவை. அதில் கால்சியம் உண்டாக்கும் ‘கே’ கோடு ஒன்று உண்டு. சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ச்சியான நட்சத்திரங்களில், இந்தக் கருப்புக் கோட்டின் நடுவில் ஒரு மெல்லிய ஒளிக்கீற்று தென்படும்.

அந்தக் கீற்றின் அகலத்தை இருவரும் அளந்தார்கள். மொத்தம் 185 நட்சத்திரங்கள். முடிவு ஆச்சரியமாக இருந்தது. உண்மையான ஒளி அதிகமாக உள்ள நட்சத்திரத்துக்குக் கீற்று அகலமாக இருந்தது. ஒளி குறைவான நட்சத்திரத்துக்கு ஒல்லியாக இருந்தது. அகலத்தின் மடக்கையை எடுத்து வரைபடம் போட்டால், கிட்டத்தட்ட நேர்கோடு வந்தது. பிளஸ் ஒன் மாணவர்கள் லாகரிதம் எதற்கு என்று கேட்டால், இது ஒரு நல்ல பதில்.

இந்த உறவு 15 பிரகாச அலகுகள் அளவுக்கு நீண்டது. வானியல் கணக்கில் 5 அலகு என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம். 15 அலகு என்றால் 100-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். அதாவது 10 லட்சம் மடங்கு! மிக மங்கலான குள்ள நட்சத்திரத்திலிருந்து ராட்சத நட்சத்திரம் வரை ஒரே விதி. 1957-ல் இந்த ஆய்வு வெளியானது. உலகம் முழுக்க வில்சன்-பாப்பு விளைவு என்று அழைக்கப்படுகிறது.

ஊர் திரும்பியவர் எங்கே போனார்?

உலகின் சிறந்த தொலைநோக்கிகள் அமெரிக்காவில். நல்ல பெயரும் வந்தாயிற்று. ஆனால் பாப்பு 1953-ல் இந்தியா திரும்பிவிட்டார். வில்சனோடு சேர்ந்து எழுதிய அந்தப் புகழ்பெற்ற ஆய்வு அச்சில் வந்தபோது, அவர் உத்தரப் பிரதேசத்தில் ஒரு வானாய்வகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாநில அரசு 1954-ல் வாரணாசியில் ஒரு வானாய்வகம் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் அதன் பொறுப்புக்கு வந்தார் பாப்பு. சமவெளியின் தூசியும் வெளிச்சமும் வானியலுக்கு ஆகாது. 1955-ல் வானாய்வகம் இமயமலை அடிவாரத்து நைனிடாலுக்கு மாறியது. இன்று ஏரீஸ் என்று அழைக்கப்படும் நிறுவனம் அதுதான்.

கொடைக்கானலில் இருந்த பிரச்சினை

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார் பாப்பு. வயது 33-ஐக்கூட எட்டவில்லை.

கொடைக்கானல் சூரிய ஆய்வில் உலகப் புகழ்பெற்ற இடம். சூரியக் கரும்புள்ளியில் வாயுக்கள் எப்படி நகர்கின்றன என்பதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். ஆனால் பகலில் சூரியனைப் பார்க்கத் தோதான அந்த ஊர், இரவில் நட்சத்திரங்களைப் பார்க்கத் தோதாக இல்லை. 2,300 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டின் மேகங்களும் வந்து மோதும். இரவுகளில் பெரும்பகுதி மேகமூட்டம்தான்.

அதனால் புதிய இடம் தேடும் படலம் ஆரம்பித்தது. 1960-களில் தென்னிந்தியாவின் பல மலைகளை அலசினார்கள். எத்தனை இரவு மேகம் இல்லாமல் இருக்கிறது, காற்று எவ்வளவு நிதானமாக இருக்கிறது, பக்கத்து ஊர்களின் வெளிச்சம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். கடைசியில் தேர்வானது, ஜவ்வாது மலையில் ஆலங்காயம் அருகே உள்ள காவலூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகிறது.

ஏன் காவலூர்?

மூன்று காரணங்கள்.

1. மழை மறைவு: கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் இடையில் இருப்பதால், இரண்டு பருவமழைகளின் முழுத் தாக்கமும் இல்லை.

2. இருட்டு: சுற்றிலும் காடு. மலையாளி பழங்குடி மக்களின் சிறிய கிராமங்கள். 1960-களில் வெளிச்சம் என்று சொல்லவே எதுவும் இல்லை.

3. தெற்கு வானம்: இதுதான் முக்கியமான கணக்கு. ஒரு இடத்திலிருந்து தெற்கு வானத்தில் எதுவரை பார்க்கலாம் என்று தெரிய, 90-லிருந்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கழிக்க வேண்டும். நைனிடால் சுமார் 29 டிகிரி வடக்கு. 61 டிகிரி தெற்கு வரை அடிவானத்துக்கு மேல் வரும். காவலூர் 12.5 டிகிரி. 77 டிகிரிக்கு மேலேயே வரும். வடக்கு வானம் முழுவதும், தெற்கு வானத்தில் மிகப்பெரும் பகுதியும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய வானாய்வகங்களுக்கு இந்த வசதி இல்லை.

1968-ல் காவலூரில் முதல் தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது. 38 செ.மீ. விட்டம். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. பெரிய தொலைநோக்கி வரட்டும் என்று காத்திருக்காமல், கையில் இருப்பதை வைத்து ஆரம்பித்தார்கள். 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கிய 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

ஜவ்வாது மலையும் யுரேனஸ் வளையமும்

1 மீட்டர் தொலைநோக்கி வந்த வேகத்திலேயே பலன் தந்தது. 1972 ஜூனில், வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதைக் காவலூரில் பதிவு செய்தார்கள். கனிமீடைச் சுற்றி மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயம் கிடைத்தது.

1977 மார்ச் 10 இரவு இன்னும் பெரிய விஷயம். யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும் நேரம். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் கவனித்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி திடீரென்று குறைந்து, மீண்டும் கூடியது. யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் இருக்கலாம் என்றுதான் அவர்கள் முதலில் கருதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த நாசா விமானத் தொலைநோக்கி, இப்படிப் பல மங்கல்களைக் கோளின் இரண்டு பக்கமும் பதிவு செய்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது விடை தெரிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள்! சனிக்கு மட்டும்தான் வளையம் என்று அதுவரை உலகம் நினைத்திருந்தது.

ஒரு துறை அலுவலகம், நிறுவனம் ஆன கதை

கொடைக்கானல் வானாய்வகம் அதுவரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் இருந்தது. புயல், மழை கணிக்கும் துறைக்கு நட்சத்திர ஆய்வு முதல் வேலையாக இருக்க முடியாது. 1971 ஏப்ரல் 1 முதல் அது தன்னாட்சி பெற்று, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆனது. பாப்பு அதன் இயக்குநர். தலைமையகம் பின்னர் பெங்களூருக்கு மாறியது.

1970-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 1981-ல் பத்ம பூஷண். 1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராகத் தேர்வானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பெரிய தொலைநோக்கி. 2.34 மீட்டர் விட்டம். வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்து வாங்குவது ஒரு வழி. பாப்பு தேர்ந்தெடுத்தது கஷ்டமான வழி: வடிவமைப்பு, கண்ணாடி தேய்ப்பு, இயந்திரப் பகுதி எல்லாம் இந்தியாவிலேயே.

கண்ணாடிக்கான மூலப்பொருள் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. வெப்பம் மாறினாலும் விரியாத, சுருங்காத சிறப்பு வகை. அதைத் தேய்த்து மெருகேற்றியது நிறுவனத்தின் சொந்த ஒளியியல் கூடம். இந்த வேலையில் அனுமதிக்கப்படும் பிழை, ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொஞ்சம் தேய்ப்பது, அளப்பது, திரும்பத் தேய்ப்பது என்று வருடக்கணக்கில் நடக்கும் வேலை. இரும்பு வேலைகளை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் நிறுவனம் செய்தது.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? தொலைநோக்கியின் பலம் அதன் பரப்பளவில் இருக்கிறது. விட்டம் இரண்டு மடங்கானால் சேரும் ஒளி நான்கு மடங்கு. 2.34 மீட்டர் கண்ணாடி, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியைவிட 5 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். இருட்டில் முழுதாக விரிந்த மனிதக் கண்ணோடு ஒப்பிட்டால் 1 லட்சம் மடங்குக்கும் மேல்.

1982 ஆகஸ்ட்

சர்வதேச வானியல் சங்கத்தின் பொதுச்சபை 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில் கூடியது. தலைவர் என்ற முறையில் பாப்பு நடத்தியிருக்க வேண்டிய கூட்டம். ஆனால் இதய அறுவை சிகிச்சைக்காக அவர் ஜெர்மனியின் மூனிக் நகரில் இருந்தார். சிகிச்சைக்குப் பிறகு உடல்நிலை தேறவில்லை. ஆகஸ்ட் 19 அன்று, பட்ராஸில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, மூனிக்கில் காலமானார். வயது 55.

2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது பாதி வழியில் இருந்தது. தலைமை தாங்கியவர் போனால் இந்த மாதிரித் திட்டங்கள் அப்படியே நின்றுபோவது உண்டு. இது நிற்கவில்லை. அவர் உருவாக்கிய குழு வேலையைத் தொடர்ந்தது. 1985 நவம்பரில் தொலைநோக்கி முதன்முதலாக நட்சத்திர ஒளியைப் பார்த்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்பு என்று பெயர் சூட்டினார். அன்றைக்கு ஆசியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் தமிழர்களுக்குப் பிடித்த இன்னொரு செய்தி. 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். எண் 4130. அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் பெயர், ஜவ்வாது மலையிலிருந்து வானத்துக்குப் போனது. பாப்பு பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு. எண் 2596.

இப்போது கணக்கும் ஃபிசிக்ஸும் படித்தால் என்ன வழி?

பாப்பு படித்த காலத்தில் இந்தியாவில் கதவுகள் குறைவு. இப்போது நிறைய இருக்கின்றன. பல மாணவர்களுக்கு அது தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை.

பிளஸ் டூ முடித்ததும்: பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் 4 ஆண்டு பி.எஸ். ஐசர் கல்வி நிறுவனங்களில் 5 ஆண்டு பி.எஸ்-எம்.எஸ்., இதற்கு ஐஏடி தேர்வு. புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. கணக்குதான் உயிர் என்றால், சென்னை சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. விண்வெளித் துறை என்றால் திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு.

இதெல்லாம் கிடைக்காவிட்டால் கதை முடிந்ததா? கிடையாது. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ படித்து, எம்.எஸ்சி. சேரலாம். அதன் பிறகு ஜெஸ்ட், கேட், நெட் போன்ற தேர்வுகள் வழியாக முனைவர் படிப்புக்குப் போகலாம். பாப்பு வளர்த்த இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் சேரவும் இதுதான் பாதை. தேர்வு விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், அந்தந்த நிறுவன இணையதளத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

வானியல் என்றால் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண் வைத்துக்கொண்டிருப்பதும் இல்லை. கண்ணாடி தேய்க்க ஒளியியல் ஆள் வேண்டும். கருவி வடிவமைக்க மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் ஆட்கள் வேண்டும். வந்து குவியும் தரவைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியலும் கோடிங்கும் தெரிந்தவர்கள் வேண்டும். 2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் வெளிவட்டத்தைப் பார்க்கும் முக்கியக் கருவியைச் செய்தது இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். நைனிடாலில் பாப்பு வளர்த்த வானாய்வகத்தின் வாரிசான ஏரீஸ், 2016-ல் தேவஸ்தலத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது. காவலூரின் சாதனையைத் தாண்டியதும், அவர் கைபட்ட இன்னொரு இடம்தான்.

காவலூருக்கு இப்போது ஒரு சவால் இருக்கிறது. 1960-களில் இருட்டாக இருந்த மலையைச் சுற்றி ஊர்கள் வளர்ந்துவிட்டன. தெருவிளக்கும் எல்இடி ஃபோகஸ் லைட்டும் வானத்தை வெளுக்க வைக்கின்றன. மங்கலான நட்சத்திரங்களைப் பார்க்க இது நேரடியான இடைஞ்சல். விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பி, மேலே மூடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இது வானாய்வகத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. சுற்றுவட்டார ஊராட்சிகளும் வீடுகளும் சேர்ந்தால்தான் நடக்கும்.

வைணு பாப்பு வானாய்வகத்தில் பொதுமக்கள் பார்வையிட சனிக்கிழமைகளில் அனுமதிக்கும் வழக்கம் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கி வழியாக நிலவையும் கோள்களையும் காட்டுவார்கள். போவதற்கு முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போனால் மேகம்தான் தெரியும். செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கத்துப் பள்ளிகளுக்கு இது ஒரு நாள் பயணம்தான். வீட்டில் கணக்கும் ஃபிசிக்ஸும் பிடித்த பிள்ளை இருந்தால், கோச்சிங் சென்டர் தேடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்வரலாம்.